க்ளோம் வீட்டை அளக்கக் கிடைத்த ஒரே நாள்

மூன்று தடவை அலைந்து, கடைசித் தடவைதான் உள்ளே கால் வைக்க முடிந்தது. ஆதங்கம் இன்னும் அடங்கவில்லை.

இடிக்கவிருந்த அந்த வீடு பிரிட்டனின் வேல்ஸில், கெரெடிகியான் பகுதியில். க்ளோம் சுவர், அதாவது களிமண்ணையும் வைக்கோலையும் குழைத்து எழுப்பிய மண்சுவர். மேலே துருப்பிடித்த தகரம். பாதுகாக்கப்பட்ட கட்டடப் பட்டியலில் இல்லாததால் இடிப்பைத் தடுக்க வழியில்லை. அளந்து வரைந்து வைக்கலாம், அவ்வளவுதான். பழைய ஆதாரம் தேடுவது சிரமமாக இல்லை. தசமபாக வரிக்காக 1840களில் வரைந்த வரைபடங்களை வேல்ஸ் தேசிய நூலகம் இணையத்தில் வைத்திருக்கிறது. வீடு அதில் இருந்தது.

உரிமையாளர் போனில் "தாராளமா வாங்க" என்றார். இரண்டு பஸ் மாறிப் போனால், இடம் ஏற்கெனவே இடிப்புக் கான்ட்ராக்டர் கைக்குப் போயிருந்தது. கடிதம் இல்லாமல் வேலிக்குள் விட மாட்டேன் என்றார் அங்கிருந்தவர். அவர் மேல் தப்பில்லை, சுவர் விழுந்தால் பொறுப்பு அவர் தலையில். இருவரிடமும் எழுத்தில் வாங்காமல் கிளம்பாதீர்கள். உள்ளாட்சி அலுவலகத்தில்தான் மனம் வெறுத்தது. பட்டியலில் இல்லாத வீட்டுக்கு ஃபைலே கிடையாது என்று அடுத்த பிரிவுக்கு அனுப்பினார்கள். அவர்கள் திரும்ப முதல் பிரிவுக்கே அனுப்பினார்கள். இடிக்கும் தேதியைச் சொன்னது பக்கத்துப் பண்ணைக்காரர்.

செப்டம்பரில் கடிதத்தோடு போனேன். வௌவால் ஆய்வு முடியாமல் கூரைப்பக்கம் யாரும் போகக் கூடாதாம். அங்கே வௌவாலுக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. அதை முன்பே விசாரிக்காதது என் தவறு.

நவம்பரில் ஒரே ஒரு நாள் கொடுத்தார்கள். நாலரைக்கெல்லாம் இருட்டிவிடும். முதலில் கூரைக்குத்தான் ஏறினேன், உங்களுக்கும் அதையே சொல்வேன்: சுவர் வெளியிலிருந்தும் தெரியும், கூரையின் உள்பக்கம் இடிக்கும்போது ஒரே நிமிடத்தில் போய்விடும். அந்தக் கான்ட்ராக்டர் ஆளே இரண்டு தகரத்தைக் கழற்றிக் கொடுத்தார். அடியில் பழைய வைக்கோல் கூரை அப்படியே இருந்தது! வைக்கோலுக்குக் கீழே முட்செடிப் படுகை, அதைத் தாங்க ஒரு மரச்சட்டம்: சுவருக்குள் புதைந்த கால் ஒரு துண்டு, மேலே வளையும் பகுதி இன்னொரு துண்டு, இரண்டையும் மர ஆணியால் பிணைத்திருந்தார்கள். தென்மேற்கு வேல்ஸில் பரவலாக இருந்த வேலைப்பாடு அது. அடுப்புக்கு மேலே குச்சி பின்னி மண் பூசிய புகைக்கூண்டு. கை நடுங்க நடுங்கப் படமெடுத்தேன். அளவுகோலைப் பக்கத்தில் வைக்காமல் ஒரு படம்கூட எடுக்காதீர்கள்.

மண்சுவரில் எந்த மூலையும் நேராக இருக்காது. நீள அகலம் போதாது, ஒவ்வொரு அறைக்கும் இரண்டு மூலைவிட்டமும் அளந்தே ஆக வேண்டும். இருட்டும் அவசரத்தில் பின்னறையில் ஒன்றை விட்டுவிட்டேன். வீட்டுக்கு வந்து 1:50 அளவில் வரைந்தபோது சுவர் சேரவில்லை. திரும்பப் போய் அளக்க அங்கே வீடு இல்லை. அபெரிஸ்ட்வித்தில் இருக்கும் வேல்ஸ் தொல்சின்ன ஆவணக் காப்பகத்துக்கு அனுப்பிய பிரதியில் அந்த ஒரு சுவர் மட்டும் புள்ளிக்கோடாக இருக்கிறது.