பதினோரு ஸ்டாப்பும் ரெண்டு பொடுசுகளும்

பெங்களூரில் தசரா லீவு விட்டதும் மகள் வாட்ஸ்அப்பில் ஒரு பட்டியல் அனுப்பினாள். "அப்பா, புள்ளைங்களை இங்கெல்லாம் கூட்டிட்டுப் போகணும். எனக்கு ரெண்டு நாள்தான் லீவு" என்று. எண்ணிப் பார்த்தேன், 11 இடம். ஏற்காட்டில் மட்டும் 7. அதுபோக மேட்டூர் டேம், முத்துமலை முருகன் சிலை, குரும்பப்பட்டி விலங்குப் பூங்கா, தாரமங்கலம் கோவில்.

27 வருஷம் அரசுப் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவன் நான். அதில் பாதிக்கு மேல் ஏற்காடு ரூட். இப்படி ஒரு டைமிங்கை எந்த டிப்போவிலும் போட மாட்டார்கள். போட்டால் டிரைவர் வண்டியை எடுக்க மாட்டார். மேட்டூர் சேலத்துக்கு மேற்கே, முத்துமலை கிழக்கே ஆத்தூர் ரோட்டுப் பக்கம், ஏற்காடு வடகிழக்கே மலை மேல். பட்டியல் போட்டவள் மேப்பைப் பார்க்கவில்லை. இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவள்தான், ஆனாலும் செல்போனில் வருகிற வீடியோவில் எல்லா இடமும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதுபோலத்தானே தெரியும்.

பேனாவை எடுத்து அடிக்க ஆரம்பித்தேன். ஒரு நாளைக்கு ஒரு திசை, அவ்வளவுதான். பேத்திக்கு ஒன்பது வயசு, பேரனுக்கு ஐந்து. ஐந்து வயசுக்காரனை எங்கே கூட்டிப் போனாலும் அவன் பார்ப்பது அங்கே இருக்கும் நாய்க்குட்டியைத்தான்.

அவர்கள் வந்து சேர்ந்த அன்று மாலை எங்கேயும் வெளியூர் போகவில்லை. எங்கள் வீடு சேலம் செவ்வாய்ப்பேட்டை. பக்கத்துச் சந்தில் கொலுசுப் பட்டறைகள் இருக்கின்றன. சேலம் கொலுசு என்றால் ஏதோ ஒரு பெரிய ஃபேக்டரியில் செய்கிறார்கள் என்று பேத்தி நினைத்திருந்தாள். ஒரு வீட்டில் வெள்ளியை உருக்கிக் கம்பியாக இழுப்பார்கள், இன்னொரு வீட்டில் வளையம் கோப்பார்கள், அடுத்த வீட்டில் பொடி வைத்துப் பற்றவைப்பார்கள், சலங்கை வைப்பது வேறொருவர், மெருகு போடுவது வேறொருவர். ஒரு கொலுசு காலுக்கு வருவதற்குள் நாலைந்து வாசற்படி ஏறி இறங்கிவிடும். தெரிந்த பட்டறை ஒன்றில் வாசலில் நின்று பார்க்க விட்டார்கள். கம்பி அச்சுத் துளை வழியாக இழுக்க இழுக்க மெலிந்துகொண்டே போவதைப் பேத்தி கண்ணிமைக்காமல் பார்த்தாள். பேரன் அரை நிமிஷம் பார்த்தான். பிறகு வாசலில் படுத்திருந்த நாயிடம் போய்விட்டான். சொன்னேன் இல்லையா.

அங்கிருந்து நேரே தட்டுவடை செட் வண்டி. மற்ற ஊரில் தட்டுவடை என்றால் அப்படியே கடித்துத் தின்பார்கள். இங்கே ரெண்டு சின்னத் தட்டுவடைக்கு நடுவே பீட்ரூட், கேரட், வெங்காயத் துருவல் வைத்து, மல்லி சட்னியும் காரச் சட்னியும் தடவிக் கொடுப்பார்கள். குழந்தைகளுக்கு வாங்கும்போது "காரம் வேண்டாம், மல்லிச் சட்னி மட்டும்" என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கையில் எடுத்தால் பிரிக்காமல் முழுசாக வாயில் போட வேண்டும், பாதி கடித்தால் மீதி சட்டையில். பேரன் சட்டை முழுக்க பீட்ரூட். பேத்தி நொறுக்கல் கேட்டாள். அது தட்டுவடையை உடைத்துப் போட்டுப் பிசைந்து தருவது, தட்டில் வாங்கிக்கொள்ளலாம், சட்டைக்குச் சேதாரம் கிடையாது. மகள் மூன்று செட் தின்றாள். பட்டியலில் இல்லாத இடம் இது.

அன்று ராத்திரி பேத்தி கேட்டாள், "அப்புச்சி, ஹேர்பின் பெண்டுன்னா என்ன? தமிழ்ல கொண்டை ஊசி வளைவாமே, ஊசி நேராத்தானே இருக்கும்?" என் வீட்டுக்காரி பேசாமல் தன் கொண்டையிலிருந்து ஒரு ஊசியை உருவி அவள் உள்ளங்கையில் வைத்தாள். ரெண்டு காலும் ஒட்டி, மடங்கிய கருப்புக் கம்பி. "இந்த மடிப்புலதாங் கண்ணு பஸ்ஸு திரும்பும்" என்று விரலால் ஓட்டிக் காட்டினாள். அம்மாயிக்கு முழங்கால் வலி, மலைக்கு வர மாட்டாள். அந்த ஊசியைப் பேத்தி மறுநாள் முழுக்கக் கையில் வைத்திருந்தாள்.

"கார் நிக்கும்போது பஸ் எதுக்குப்பா?" என்றாள் மகள். நான் விடவில்லை. அடிவாரம் தாண்டினால் 20 கொண்டை ஊசி வளைவு. பெங்களூர் டிராஃபிக்கில் ஓட்டுவது வேறு, மலை ஓட்டுவது வேறு. மலைப்பாதையில் ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழிவிட வேண்டும், எந்தக் கியரில் ஏறுகிறாயோ அதே கியரில்தான் இறங்க வேண்டும். லீவு நாளில் வெளியூர்க் கார்கள் இது ரெண்டும் தெரியாமல் வளைவில் மூக்கை நீட்டிக்கொண்டு நிற்பதை எத்தனை தடவை இறங்கிப் போய் ஒதுக்கியிருக்கிறேன். அதனாலேயே ஆயுத பூஜை லீவையும் தவிர்த்துவிட்டு, நடுவில் ஒரு செவ்வாய்க்கிழமையாகப் பார்த்து வைத்தேன். காரில் போனால் பிள்ளைகளுக்கு ரோட்டோரச் சுவர்தான் தெரியும். பஸ் ஜன்னல் உயரம், சுவரைத் தாண்டிப் பள்ளம் தெரியும்.

குழந்தைகளோடு மலை பஸ் ஏறுகிறவர்களுக்குச் சில விஷயம், வாந்தி துடைத்த அனுபவத்தில் சொல்கிறேன். கடைசி சீட்டில் உட்காராதீர்கள். வளைவில் பஸ்ஸின் வால்தான் அதிகம் வீசும். பின் சக்கரத்துக்கு முன்னால், ரோடு தெரிகிற சீட்டாகப் பாருங்கள். காது "ஆடுகிறோம்" என்கிறது, செல்போனையே பார்க்கும் கண் "ஆடவில்லை" என்கிறது, ரெண்டுக்கும் நடக்கிற சண்டைதான் குமட்டல். அதனால் போனைப் பிடுங்கி வையுங்கள், முன்னால் ரோட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். காலையில் ரெண்டு இட்லி போதும், பூரியும் பாலும் வேண்டவே வேண்டாம். மேலே போகப் போகக் காது அடைக்கும், ஆரஞ்சு மிட்டாய் ஒன்று கொடுத்தால் எச்சில் விழுங்குவதில் சரியாகிவிடும். ஒரு கவர் கையிலேயே இருக்கட்டும், பைக்குள் அல்ல.

நான் செய்த தப்பு ஒன்றும் உண்டு. என் பழைய விசிலைப் பேரனிடம் கொடுத்திருந்தேன். ஒரு விசில் நிற்க, ரெண்டு விசில் போக என்று பெருமையாகச் சொல்லியும் கொடுத்தேன். கோரிமேடு தாண்டி வண்டி வேகம் எடுக்கும்போது பின்னாலிருந்து "பீய்ய்" என்று ஒரே விசில். டிரைவர் சட்டென்று ஓரம் கட்டிவிட்டார். யாரும் இறங்கவில்லை. கண்டக்டர் பையன் என்னைப் பார்த்தான், நான் பேரனைப் பார்த்தேன், பேரன் விசிலோடு டிரைவரைப் பார்த்தான். டிரைவர் என்னோடு வேலை பார்த்தவர்தான். திரும்பி, "அண்ணே, ரிட்டையர் ஆயும் உங்க டூட்டி முடியலையா?" என்றார். "ரைட் நீயே சொல்லு சாமி" என்று பேரனிடமே ரெண்டு விசில் வாங்கிக்கொண்டுதான் வண்டியை எடுத்தார். அதோடு விசில் என் பாக்கெட்டுக்கு வந்துவிட்டது.

அதே ரோட்டில் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவைக் காட்டினேன். டி.ஆர்.சுந்தரம் 1935-இல் தொடங்கிய ஸ்டுடியோ, மலையாளத்தின் முதல் பேசும்படம்கூட 1938-இல் இவர்கள் எடுத்ததுதான். இப்போது மிஞ்சியிருப்பது வாசல் வளைவு மட்டும். பேத்தி, "வீடே இல்லாத கேட்டா?" என்றாள். வேறொன்றும் கேட்கவில்லை.

அடிவாரத்திலிருந்து பேரன் வளைவு எண்ண ஆரம்பித்தான். ஒவ்வொன்றிலும் நம்பர் போட்டுப் பலகை இருக்கிறது, எண்ணத் தெரிந்த குழந்தைக்கு இதைவிட நல்ல விளையாட்டு கிடையாது. வாந்தி இல்லை. 20 வந்ததும் பஸ்ஸில் பாதிப் பேர் அவனோடு சேர்ந்து "இருபது!" என்று கத்தினார்கள். அதற்குள் ஜன்னலில் குளிர் வந்துவிட்டது. ஸ்வெட்டர் எடுக்காமல் வந்த ஒரு குடும்பம் முன் சீட்டில் நடுங்கிக்கொண்டிருந்தது. ஊரே 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கீழே வேர்த்துக்கொண்டு ஏறினாலும் அக்டோபரில் மேலே ஸ்வெட்டர் வேண்டும்.

மேலே மூன்றே இடம்தான் என்று முடிவு. ஏரியில் படகு, அது எல்லோரும் போவது. காலையிலேயே போனால் வரிசை இருக்காது, லைஃப் ஜாக்கெட்டைப் பிள்ளைக்குச் சரியாக இழுத்துக் கட்டுகிறார்களா என்று நீங்களும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். ஏரி பக்கத்தில் காடு, அதனால் ஏரிக்காடு, அது ஏற்காடு ஆயிற்று என்று சொல்வார்கள். பேத்திக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. அப்போ ஏரியில் நுரை பொங்குகிற எங்கள் பெல்லந்தூர் ஏரிநுரையா என்று கேட்டாள்.

அடுத்து தாவரவியல் ஆய்வுத் துறையின் ஆர்க்கிட் தோட்டம். பட்டியலில் இது இல்லை, நான் சேர்த்தேன். ஆர்க்கிட் பூ பார்க்கப் பெரியவர்கள் போவார்கள், நான் பேரனைக் கூட்டிப் போனது பூச்சி தின்னும் குடுவைச் செடிக்காக. இலை நுனியிலேயே மூடி போட்ட ஒரு குடம் தொங்கும், உள்ளே வழுக்கி விழுந்த பூச்சி மேலே ஏற முடியாது. அதைக் கரைத்துச் செடி தனக்கு வேண்டிய சத்தை எடுத்துக்கொள்கிறது. பேரன் எறும்புக்காகக் கால் மணி நேரம் காத்திருந்தான். எறும்பு வந்தது, விளிம்பைச் சுற்றியது, இறங்கிப் போய்விட்டது. "புத்திசாலி எறும்பு" என்றான். அங்கேயே தட்டினால் மணிபோல ஒலிக்கும் பாறை ஒன்றும் உண்டு.

கிளியூர் அருவியை வேண்டாம் என்றேன். மழைக்காலத்தில் அழகுதான், இறங்குவதும் சுலபம்தான். ஏறும்போது ஐந்து வயசுக்காரன் "தூக்கு" என்பான், என் முதுகு ஒத்துக்கொள்ளாது. மகளுக்கு இதில் கொஞ்சம் வருத்தம், போட்டோ எடுக்க நினைத்திருந்தாள்.

சாயங்காலம் லேடீஸ் சீட் என்கிற மலைவிளிம்பு வியூ பாயிண்ட். முழுக்க மூடுபனி, முன்னால் வெள்ளைச் சுவர் மாதிரி. வந்தவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பிப் போனார்கள். நாங்கள் மிளகாய் பஜ்ஜி வாங்கிக்கொண்டு உட்கார்ந்தோம், ஏற்காட்டில் பனிக்கு அதுதான் மருந்து. இருட்டும் நேரத்தில் பனி ஒரு பக்கம் விலகியது. கீழே சேலம் முழுக்க விளக்கு. "நம்ம வீடு எங்கே அப்புச்சி?" ஏதோ ஒரு திசையில் கையைக் காட்டினேன். பேரன் அந்தத் திசைக்கு "அம்மாயீ" என்று கத்திக் கையாட்டினான். ரெண்டு நிமிஷம் இருக்கும், பனி மறுபடி மூடிவிட்டது. இறங்கும்போது 20-லிருந்து தலைகீழாக எண்ணினான். ஒன்பதில் தூங்கிவிட்டான்.

மறுநாள் தாரமங்கலம் கைலாசநாதர் கோவில். பிள்ளைகளைக் கோவிலுக்குக் கூட்டிப் போனால் அலுத்துக்கொள்ளும் என்பார்கள். அதற்கு இந்தக் கோவில் ஒத்துவராது. இந்தப் பகுதியை ஆண்ட கெட்டி முதலிகள் 17-ஆம் நூற்றாண்டில் கட்டி முடித்த திருப்பணி. ஒரு சிங்கத்தின் வாய்க்குள் கல் உருண்டை கிடக்கிறது, உருளும், வெளியே வராது. வெளியே செய்து உள்ளே போட்டதில்லை, வாயைக் குடையும்போதே உள்ளுக்குள் செதுக்கியது. பேத்தி நம்பவே இல்லை, பல்லுக்கு நடுவே இருக்கும் இடைவெளியை விரலால் அளந்து பார்த்தாள்.

அப்புறம் வாலி, ராமன் தூண்கள். ஒரு தூணில் வாலியும் சுக்ரீவனும் சண்டை போடுகிறார்கள், தள்ளி இன்னொரு தூணில் வில்லோடு ராமன். ராமன் பக்கத்தில் நின்று பார்த்தால் வாலி தெரிவான், வாலி பக்கத்தில் நின்று பார்த்தால் ராமன் தெரிய மாட்டான். பேத்தியை ராமன் பக்கமும் பேரனை வாலி பக்கமும் நிறுத்தினேன். "தெரியறானா?" "தெரியறான்!" "உனக்கு?" "தெரியல!" இடம் மாற்றி, மறுபடி மாற்றி, நான் ஒரு தடவை, அவர்கள் அம்மா ஒரு தடவை. பேரனுக்குக் கோபமே வந்துவிட்டது. "இது சீட்டிங் அப்புச்சி. ஒளிஞ்சுக்கிட்டு அடிக்கிறது அவுட் கிடையாது." வாலியும் ராமாயணத்தில் இதைத்தான் கேட்டான் என்றேன். ராமன் என்ன பதில் சொன்னார் என்று கேட்டான். மகள் என்னைப் பார்த்தாள், நான் கல் சங்கிலி காட்டப் போவதாகச் சொல்லி நகர்ந்தேன்.

மற்றவை நிற்கின்றன. முத்துமலை முருகன் 146 அடி, எங்கேயும் போய்விட மாட்டார். மேட்டூருக்கு டேம் நிரம்பிப் பதினாறு கண் மதகு திறந்திருக்கும்போது வரச் சொல்லியிருக்கிறேன், மீன் வறுவலும் தின்னலாம். மாம்பழம் வேண்டுமென்றால் மே மாதம்தான், தசராவில் வந்து மல்கோவா கேட்டால் நான் எங்கே போவேன்.

புதன் மாலை காரில் கிளம்பினார்கள். ராத்திரி வீடு சேர்ந்ததும் மகள் போன் செய்தாள். தொப்பூர் கணவாயில் வண்டி வளைந்து ஏறியபோது பேரன் எழுந்து உட்கார்ந்து எண்ண ஆரம்பித்தானாம். மூன்று வரை எண்ணிவிட்டு, இங்கே ஏன் நம்பர் பலகை வைக்கவில்லை, உடனே அப்புச்சிக்குப் போன் போடு, அவர் டிப்போவில் சொல்லி வைக்கச் சொல்லட்டும் என்று தர்மபுரி வரைக்கும் ஒரே அழுகையாம்.