முகம் தெரியாத ஆறு பேர்

1945 பிப்ரவரி 23, இரண்டாம் உலகப் போர்க் காலம். ஜப்பானின் இவோ ஜிமா தீவின் சுரிபாச்சி மலை உச்சியில் ஆறு அமெரிக்க வீரர்கள் கொடிக்கம்பத்தை நிமிர்த்தும் அந்தப் படத்தைப் பார்க்காதவர்கள் குறைவு. இன்னொரு முறை உற்றுப் பாருங்கள். ஒரு முகம்கூடச் சரியாகத் தெரியாது. யார் யார் என்ற குழப்பம் 74 ஆண்டுகள் நீடித்ததற்கு அதுதான் காரணம்.

படத்தில் இருப்பது அன்று ஏறிய இரண்டாவது கொடி. காலையில் ஏற்றியது 54க்கு 28 அங்குலம். கடற்கரையிலிருந்து பார்த்தால் சின்னதாகத் தெரிந்தது. அதனால் 96க்கு 56 அங்குலக் கொடி ஒன்றைக் கப்பலிலிருந்து வாங்கி மேலே அனுப்பினார்கள். கம்பமாக உதவியது மலையில் கிடந்த தண்ணீர்க் குழாய். ஏபி செய்தி நிறுவனத்தின் ஜோ ரோசந்தால் உயரம் குறைந்தவர். கல்லையும் மணல் மூட்டையையும் அடுக்கி மேலேறி, 1/400 வினாடியில் அந்தக் காட்சியைப் பிடித்தார். யாருடைய பெயரையும் அவர் குறித்துக்கொள்ளவில்லை.

பிறகு வீரர்களைக் கொடியடியில் நிற்கவைத்து ஒரு குழுப்படமும் எடுத்தார். நிற்கவைத்து எடுத்த படமா என்று பின்னால் கேட்டபோது, அந்தக் குழுப்படத்தை நினைத்து ஆமாம் என்று சொல்லிவிட்டார். செட்டப் என்ற பழி அப்படித்தான் ஒட்டிக்கொண்டது. அது அபாண்டம். பக்கத்திலேயே நின்று மரைன் படை ஒளிப்பதிவாளர் பில் ஜெனஸ்ட் எடுத்த கலர் ஃபிலிம் அதற்குச் சாட்சி. ஒன்பது நாளில் அந்த ஜெனஸ்ட்டும் அதே தீவில் கொல்லப்பட்டார்.

இந்த வீரர்களை வைத்துப் போர்க் கடன்பத்திரங்களை விற்க அரசுக்குப் பெயர்கள் அவசரமாகத் தேவைப்பட்டன. அதற்குள் ஆறு பேரில் மூவர் இறந்திருந்தார்கள்: ஸ்ட்ராங்க், பிளாக், சௌஸ்லி. ஆனால் கம்பத்தின் அடியில் குனிந்திருப்பவர் பிளாக் அல்ல, ஹேன்சன் என்ற இன்னொரு வீரர் என்று அறிவித்தார்கள். உயிரோடிருந்த மூவர் ஐரா ஹேய்ஸ், ஜான் பிராட்லி, ரெனே கேக்னன் என்றார்கள். டெக்சாஸில் ஹார்லன் பிளாக்கின் தாய் மட்டும் நாளிதழில் அந்த முதுகைப் பார்த்ததுமே தன் மகன் என்றார். யாரும் நம்பவில்லை. ஐரா ஹேய்ஸுக்கு உண்மை தெரியும். மேலதிகாரி வாயை மூடச் சொல்லிவிட்டார். 1946இல் ஹேய்ஸ் அரிசோனாவிலிருந்து டெக்சாஸ் வரை போய், பிளாக் குடும்பத்தாரிடம் நேரில் சொன்னார். 1947இல் தவறு திருத்தப்பட்டது.

மீதித் தவறுகளைக் காட்டிக்கொடுத்தவை துணிமணிகள். மருத்துவ உதவியாளர் ஜான் பிராட்லி அன்று எடுத்த மற்றப் படங்களில் பேன்ட் நுனியை மடித்துவிட்டிருக்கிறார். கொடிப் படத்தில் பிராட்லி எனப்பட்டவரின் பேன்ட் மடிக்கப்படவில்லை; இடுப்பில் தோட்டா பெல்ட் வேறு. அவர் உண்மையில் சௌஸ்லி. அப்படியானால் சௌஸ்லி எனப்பட்டவர் யார்? தொங்கும் ஹெல்மெட் வாரும், துப்பாக்கி வார் வழக்கமில்லாத இடத்தில் மாட்டப்பட்டிருந்த விதமும் ஹரால்ட் ஷுல்ட்ஸ் என்ற வீரரைக் காட்டின. இணையத்தில் கிடைத்த படங்களை வைத்து வரலாற்று ஆர்வலர்கள் இருவர் இதைக் கிளப்பினார்கள். 2016இல் மரைன் படை ஒப்புக்கொண்டது.

2019இல் இன்னொன்று. ரெனே கேக்னன் எனப்பட்டவரின் விரலில், ஜெனஸ்ட்டின் ஃபிலிமில், கல்யாண மோதிரம் தெரிகிறது. கேக்னனுக்கு அப்போது கல்யாணமே ஆகவில்லை. படத்தில் இருப்பவர் உண்மையில் ஹரால்ட் கெல்லர் என்ற வீரர்.

கெல்லர் 1979இலேயே இறந்துவிட்டார். ஷுல்ட்ஸ் லாஸ் ஏஞ்சலஸில் தபால் துறையில் வேலை பார்த்து 1995இல் காலமானார். கொடி ஏற்றியவர்களில் தானும் ஒருவன் என்று ஒரு முறை சாப்பாட்டு மேசையில் போகிறபோக்கில் சொன்னாராம்.