எத்தனை மணிக்கு?

பிப்ரவரி 6, 2025, வியாழன்

சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்ததும் மொரிஷியஸ் கொரமாண்டலில் இருக்கும் வாடிக்கையாளரிடமிருந்து போன். பெயிண்ட், குழாய், ஆணி, வாஷர் என்று மொத்த வியாபாரம் செய்கிறவர்கள். ஒரு சப்ளையரின் சரக்குக்கு மட்டும் 8 சதவீதம் விலை ஏற்றப் போய், கட்டளையில் அந்த சப்ளையரைக் குறிக்கும் நிபந்தனை விட்டுப்போனதில் பட்டியல் முழுக்க ஏறிவிட்டது. அந்த விலையிலேயே பில்லும் போய்க்கொண்டிருந்திருக்கிறது.

"1.08ஆல் வகுத்துவிட்டால் முடிந்ததே?" என்று அவர்கள் ஆள் கேட்டார். முடியாது. ஏற்றும்போதே முழு ரூபாய்க்கு ரவுண்ட் செய்திருக்கிறார்கள். 2.75 ரூபாய் வாஷரும் 3 ரூபாய் வாஷரும் இப்போது இரண்டுமே 3 ரூபாய். எது எதுவாக இருந்தது என்று அந்த 3ஐப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. பேக்கப்புக்குத்தான் போக வேண்டும்.

பேக்கப் இருக்கிறது. டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ் 13, அதற்குக் காவலாக பார்மன் என்ற பேக்கப் மென்பொருள். ஞாயிறு இரவில் முழு நகல், மற்ற நாளெல்லாம் ஒவ்வொரு மாற்றத்தையும் பதியும் வால் (WAL) ஃபைல்கள், 16 எம்பி 16 எம்பியாக. 2024 ஜனவரியில் பெலால் புயலின்போது போர்ட் லூயிஸ் தெருக்களில் கார்கள் மிதந்ததைப் பார்த்த பிறகுதான், பேக்கப் சர்வரை எபென் மேட்டுக்குக் கொண்டுவர இவர்கள் சம்மதித்தார்கள். பார்மனில் சரிபார்க்கும் 'செக்' கட்டளையைக் கொடுத்தேன். எல்லாம் ஓகே.

அப்புறம் கேட்டேன், அந்த அப்டேட் எத்தனை மணிக்கு ஓடியது என்று. கணக்குப் பிரிவு மேடம், "பதினொன்று இருக்கும்" என்றார். ஓட்டிய பையன் பத்தரை என்றான். குடோனில் இருப்பவர், விலை மாறியதைத் தான் கவனித்தது சாப்பாட்டுக்குப் பிறகுதான் என்றார். பார்மனுக்கு இந்த மாதிரி பதில்கள் ஆகாது. எந்த நொடியில் நிறுத்த வேண்டும் என்று கேட்கும்.

அதே நாள், இரவு

சர்வர் லாகில் டேட்டாபேஸுக்கு வரும் எஸ்க்யூஎல் கட்டளைகளைப் பதியும் வசதியை யாரும் போட்டு வைக்கவில்லை. எனவே வால் ஃபைல்களையே படிக்க வேண்டியதாயிற்று. வால் என்பது கணக்குப்பிள்ளையின் தினசரிக் குறிப்பு போல. என்ன மாறியது என்பது வரிசையாக இருக்கும், ஏன் என்பது இருக்காது. முதலில் விலை டேபிள் டிஸ்கில் எந்த ஃபைல் எண்ணில் இருக்கிறது என்று பார்த்தேன். பிறகு காலை 10 மணியிலிருந்து வந்த ஃபைல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, வால் ஃபைலைப் படித்துக் காட்டும் பிஜி வால்டம்ப்பில் ஓட்டி, அந்த எண்ணை மட்டும் வடிகட்டினேன். சாதாரணமாக இரண்டு வரி, மூன்று வரி. ஒரு ஃபைலில் திடீரென்று ஒரே டிரான்ஸாக்ஷன் எண்ணில் (ஒன்றாக ஓடிய மாற்றங்களுக்கான எண்) பக்கம் பக்கமாக அப்டேட். திரை ஓடி நிற்கவே இல்லை. இதுதான்.

மாற்றத்தை உறுதி செய்த கமிட் வரியில் நேரம் 07:52:18. கூட வேலை பார்க்கும் ரோஸ் ஹில் தம்பி பக்கத்தில் நின்று பார்த்தான். "காலையில் ஏழரைக்கு அங்கே யாருண்ணா இருந்தது?" என்றான். யாரும் இல்லை. சர்வர் யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில் ஓடுகிறது, மொரிஷியஸ் அதைவிட 4 மணி நேரம் முன்னே. ஆக 11:52. மேடம் சொன்னதும் இல்லை, பையன் சொன்னதும் இல்லை.

நேரத்தைக் கொடுத்து மீட்கலாம்தான். ஆனால் மண்டலக் குறியைச் சேர்க்காமல் 11:52 என்று அடித்தால் யுடிசி மெஷின் அதைத் தன்னுடைய 11:52 என்றே எடுத்துக்கொள்ளும். நம் கணக்கில் பிற்பகல் 3:52. கெட்டுப்போன விலையோடு அழகாக ரெஸ்டோர் ஆகி வரும். எதற்கு வம்பு? டிரான்ஸாக்ஷன் எண்ணையே கொடுத்து, 'அதைச் சேர்க்காதே' என்ற எக்ஸ்க்ளூசிவ் ஆப்ஷனையும் போட்டேன். வியாபாரம் ஓடும் புரொடக்ஷன் சர்வர் மேல் இல்லை, பக்கத்து ராக்கி லினக்ஸ் மெஷினில். புரொடக்ஷன் மேலேயே மீட்டால் மதியத்துக்குப் பிறகு விழுந்த பில்கள் போய்விடும், அவற்றை அழிக்க யாருக்கும் உரிமை இல்லை.

180 ஜிபி. நகல் இறங்க முக்கால் மணி. ஞாயிறிலிருந்து வியாழன் வரையிலான வால் ஓடத்தான் நேரம் பிடிக்கிறது. வீட்டுக்குப் போகிறேன்.

பிப்ரவரி 7, வெள்ளி

லாகில் கடைசி வரி, இந்த டிரான்ஸாக்ஷனின் கமிட்டுக்கு முன்னால் நிறுத்தினேன் என்கிறது. படிக்க மட்டும் முடிகிற ரீட் ஒன்லி நிலையில், பாதியில் நிறுத்தி வைத்தபடி நிற்கிறது. இந்த நிறுத்தத்தை நான் ரொம்ப மதிக்கிறேன். போதவில்லை என்றால் இலக்கைத் தள்ளிவைத்து இன்னும் முன்னே ஓட்டலாம். புரமோட் செய்து, எழுதக்கூடிய தனி டேட்டாபேஸாக்கிவிட்டால் டைம்லைன் பிரிந்துவிடும், அப்புறம் முதலிலிருந்துதான்.

வாஷர் விலையைப் பார்த்தேன்: 2.75. சரி.

அடுத்ததாக 12-7 என்ற குழாயின் குறியீட்டைத் தேடினால், இல்லை என்கிறது. பட்டியலை முழுக்க இறக்கினால் இருக்கிறது! தம்பியின் முகம் வெளுத்துவிட்டது. பேக்கப்பில் ஒரு குறையும் இல்லை. புரொடக்ஷனில் ஓடும் லினக்ஸ் இன்னும் சென்ட்ஓஎஸ் 7. இது ராக்கி 9. நடுவில், லினக்ஸின் அடிப்படை நூலகமான ஜிலிப்சியின் 2.28இல் எழுத்து வரிசை விதி மாறிவிட்டது. நடுவில் ஹைஃபன் உள்ள குறியீடுகள் பழைய மெஷினில் ஒரு வரிசையில் நிற்கும், புதியதில் வேறு வரிசையில். தேட உதவும் இண்டெக்ஸ் ஃபைல் பழைய வரிசையிலேயே அப்படியே வந்திருக்கிறது, தேடுவது புதிய விதியில். ரீட் ஒன்லியில், இண்டெக்ஸைப் புதிதாகக் கட்டும் ரீஇண்டெக்ஸ் ஓடாது. எனவே இண்டெக்ஸைத் தொடாமல் விலைகளை எல்லாம் சரிபார்த்துவிட்டு, புரமோட் செய்து, ரீஇண்டெக்ஸ் போட்டேன். 12-7 கிடைத்தது.

சென்ட்ஓஎஸ் 7க்கு 2024 ஜூன் 30உடன் ஆதரவு முடிந்தது. மாற்றச் சொல்லி மெயில் எழுதி அலுத்துவிட்டது. இந்த முறை ஸ்கிரீன்ஷாட்டோடு அனுப்பினேன்.

பிப்ரவரி 8, சனி

விலை டேபிளை மட்டும் டம்ப் எடுத்து, புரொடக்ஷனில் தனி ஸ்கீமாவில் ஏற்றினேன். இன்றைய விலை, பழைய விலையை 1.08ஆல் பெருக்கி ரவுண்ட் செய்ததற்குச் சமமாக இருந்தால் மட்டும் பழையது திரும்பும். வியாழனுக்குப் பிறகு யாராவது கையால் திருத்திய விலைகளும் புதுச் சரக்கும் அப்படியே இருக்கும். அந்த ஒரு சப்ளையரின் சரக்கையும் விட்டுவிட்டேன், அது ஏற வேண்டியதுதானே. பிகின், அப்டேட், எண்ணிக்கை. மேடம் போனில் நாலைந்து சரக்குகளின் விலையை வாசித்துச் சரி என்ற பிறகு கமிட்.

பிப்ரவரி 11, செவ்வாய்

தைப்பூசம், அரசு விடுமுறை. தம்பி விரதம் முடித்து கோர் தே கார்ட் மலையடிக் கோயிலில் காவடி எடுத்தான். படியேறும்போதும் போனைத் தன் மனைவியிடம் கொடுத்து வைத்திருந்தான், சர்வர் அலர்ட் வந்தால் என்னிடம் காட்டச் சொல்லி. வரவில்லை. வாழை இலையில் ஏழு கறியோடு சாப்பாடு.

பிப்ரவரி 12, புதன்

கூடுதலாக வாங்கிய பணத்துக்குக் கடைக்காரர்களுக்கு கிரெடிட் நோட் போடுகிறார் மேடம். எந்தெந்த பில் என்று கேட்டார். 11:52க்கும் நான் கமிட் செய்த நேரத்துக்கும் நடுவில் விழுந்தவை, பட்டியலாகக் கொடுத்துவிட்டேன். ராக்கியில் இருக்கும் நகலை ஆடிட் முடியும்வரை அழிக்கக் கூடாதாம். 180 ஜிபிக்கு வேறு இடம் கேட்டு மெயில் போட்டிருக்கிறேன்.