பழைய ஸ்கேனரும் ஸ்குவெல்ச் குமிழும்

பழைய ரேடியோ ஸ்கேனரில், அதாவது பல அலைவரிசைகளை மாறி மாறித் தேடிப் பேச்சைக் கேட்க வைக்கும் பெட்டியில், அலைவரிசைகளைக் கையால் பதிவதே தனி சுகம். சேனல் எண்ணைத் தேர்ந்து, புரோகிராம் பட்டனை அழுத்தி, 121.5 என்று தட்டி, என்டர். அவ்வளவுதான், விமானங்களின் அவசர அலைவரிசை உள்ளே போய்விட்டது. இதற்கும் முந்தைய பெட்டிகளில் ஒவ்வொரு சேனலுக்கும் தனித்தனி கிரிஸ்டல் (அலைவரிசையை நிர்ணயிக்கும் சிறு படிகம்) வாங்கிச் செருக வேண்டும்!

பேச்சில்லாதபோது வரும் இரைச்சலை அடக்கும் ஸ்குவெல்ச் குமிழுக்குத்தான் பொறுமை வேண்டும். இரைச்சல் அடங்குகிற இடத்தில் சட்டென்று நிறுத்திவிடுங்கள். இன்னும் கொஞ்சம் திருப்பினால் தூரத்து விமானியின் மெல்லிய குரலும் சேர்ந்து போய்விடும். குறைத்து வைத்தாலோ, வெறும் இரைச்சலைப் பிடித்துக்கொண்டு ஸ்கேன் ஒரே சேனலில் நின்றுவிடும்.

பல இடங்களில் போலீஸ் ரேடியோ டிஜிட்டலுக்கு மாறிவிட்டது, அந்தப் பேச்சு இந்தப் பழைய ஸ்கேனரில் புரியாது. விமானப் பேச்சு இன்னமும் 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸுக்குள், அதே பழைய ஏஎம் முறையில்தான். கேட்க அனுமதி வேண்டுமா என்று உங்கள் நாட்டுச் சட்டத்தை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.