ஒரு மௌனப் படத்துக்குத் தமிழில் சப்டைட்டில் எழுதுகிறேன்: முதல் பாதி முடிந்த நிலையில்

1917 செப்டம்பரில் வெளியான ‘ரெபெக்கா ஆஃப் சன்னிபுரூக் ஃபார்ம்’ என்ற அமெரிக்க மௌனப் படத்துக்குத் தமிழ் சப்டைட்டில் எழுதும் வேலையை, இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு கிடைக்கும் நேரத்தில் இரண்டு மாதங்களாகச் செய்து வருகிறேன். கேட் டக்ளஸ் விக்கின் 1903இல் எழுதி, அமெரிக்க வீடுகள் பலவற்றில் படிக்கப்பட்ட நாவலே இதன் மூலம். மார்ஷல் நீலன் இயக்க, ஃபிரான்ஸிஸ் மரியன் திரைக்கதை எழுத, அப்போது இருபத்தைந்து வயதாகியிருந்த மேரி பிக்ஃபோர்ட் சிறுமி ரெபெக்காவாக நடித்தார். இதே கதை 1932இலும் 1938இலும் பேசும் படமாக வந்தது என்றாலும், நாவலின் கிராமத்துக்கு நெருக்கமாக நிற்பது இந்த மௌனப் படம்தான் என்பது என் எண்ணம்.

வேலையைத் தொடங்க வைத்தது அம்மாவின் ஒரு கேள்வி. படத்தை அவருக்குப் போட்டுக் காட்டி, திரையில் வசனத்தையும் விவரத்தையும் எழுதிக் காட்டும் எழுத்து அட்டை வரும்போதெல்லாம் நான் வாய்மொழியாகத் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தேன். மெய்ன் மாநிலத்துக் கிராமமான ரிவர்பரோவில், செங்கல் வீட்டில் வாழும் மிராண்டா, ஜேன் என்ற இரண்டு சகோதரிகளிடம் ரெபெக்கா வந்து சேரும் காட்சியில், “இவங்க ரெண்டு பேரும் அந்தப் பொண்ணுக்கு அத்தையா, பெரியம்மாவா?” என்று அம்மா கேட்டார். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல். நாவலைப் புரட்டிப் பார்த்தபோது, ரெபெக்காவின் தாய் ஒரேலியா அந்த மூன்று சகோதரிகளில் இளையவர் என்பது தெளிவாயிற்று. ஆகவே இருவரும் பெரியம்மாக்கள். அடகில் இருக்கும் பண்ணையில் ஏழு குழந்தைகளோடு திண்டாடும் தங்கைக்கு உதவ, வீட்டு வேலை தெரிந்த மூத்தவள் ஹன்னாவை அவர்கள் கேட்க, தாயோ ரெபெக்காவை அனுப்பிவைக்கிறார். ‘மிராண்டா பெரியம்மா’ என்று அட்டையில் எழுதியவுடன், அந்தக் கண்டிப்புக்கும் அதன் அடியில் கிடக்கும் பாசத்துக்கும் நம் வீடுகளில் உள்ள முகம் கிடைத்துவிடுகிறது.

முதல் மூன்று வாரங்கள் பெரும்பாலும் வீணாயின. கிடைத்த ஒரு பிரதியை வைத்து ஒவ்வொரு அட்டைக்கும் நேரம் குறித்து முடித்த பிறகு, தெளிவான வேறொரு பிரதி கிடைத்தது. அதில் போட்டுப் பார்த்தால் தொடக்கத்தில் பொருந்திய வரிகள் போகப் போக விலகி, அரை மணி நேரத்தில் ஐந்து நிமிடப் பிழையாக வளர்ந்திருந்தன. மௌனப் படக் காலத்தில் கேமராவைக் கையால் சுழற்றியதால் இன்று போல ஒரே நிலையான வேகம் கிடையாது. முதல் பிரதி விநாடிக்கு 20 சட்டங்களாகவும் (ஃபிரேம், அதாவது படச்சுருளின் தனித்தனிப் படங்கள்) இரண்டாவது 24 சட்டங்களாகவும் ஓடின. எல்லா நேரங்களையும் 20இல் பெருக்கி 24ஆல் வகுத்ததும், முப்பதாவது நிமிடத்து வரி இருபத்தைந்தாவது நிமிடத்தில் சரியாக வந்து உட்கார்ந்தது. இதை முயல்பவர்கள் பிரதியை முடிவு செய்துவிட்டுத்தான் முதல் வரியை எழுத வேண்டும்.

அடுத்த சிக்கல் எழுத்தின் எண்ணிக்கை. விநாடிக்கு இத்தனை எழுத்துக்கு மேல் போனால் படிக்க முடியாது என்று சப்டைட்டில் மென்பொருள் சிவப்பு நிறத்தில் எச்சரிக்கும். ஆனால் ‘ரெபெக்கா’ என்பது நமக்கு நான்கு எழுத்து. உயிர்மெய்க் குறிகளையும் புள்ளியையும் தனித்தனியாக எண்ணும் கணினிக்கோ அது எட்டு. அந்த எச்சரிக்கையை ஒதுக்கிவிட்டு, ஒவ்வொரு வரியையும் அம்மாவிடம் காட்டி, அவர் நிதானமாகப் படித்து முடிப்பதையே அளவாக வைத்துக்கொண்டேன்.

எனக்கு மிகவும் பிடித்த காட்சிதான் மிக அதிக நாட்களையும் எடுத்துக்கொண்டது. பசியோடு இருக்கும் ரெபெக்கா, பழம் வைத்துச் சுட்ட பலகாரம் ஒன்றைக் கண்டு கை நீட்டுகிறாள். சுவரில் தொங்கும் வாசகம் திருடாதே என்கிறது, கை பின்வாங்குகிறது. பிறகு அவள் கண்ணில் வேறொரு வாசகம் படுகிறது: தனக்குத் தானே உதவிக்கொள்பவருக்குக் கடவுள் உதவுவார். ஆங்கிலத்தில் ‘தனக்குத் தானே உதவிக்கொள்’ என்பதற்கு ‘வேண்டியதை எடுத்துச் சாப்பிடு’ என்ற பொருளும் உண்டு என்பதால், அவள் நிம்மதியாக எடுத்துச் சாப்பிடுகிறாள். நேராக மொழிபெயர்த்தால் அந்த நகைச்சுவை செத்துவிடுகிறது. முதல் வாசகத்துக்குத் தமிழ் விவிலியத்தில் உள்ள ‘களவு செய்யாதிருப்பாயாக’ என்பதையே வைத்தேன். இங்கும் கிறிஸ்தவ வீடுகளில் அந்த நடைக்குப் பழகியவர்கள் உண்டு. இரண்டாவது வாசகம் விவிலியத்தில் இல்லாத, மக்கள் வழக்கில் உள்ள பழமொழி என்பது நினைவுக்கு வந்த இரவில் விடையும் கிடைத்தது: ‘தன் கையே தனக்கு உதவி’. கடவுள் விடுபட்டுப் போனதில் வருத்தம் இருக்கிறது. ஆனால் திரையில் அந்தக் கை பலகாரத்தை நோக்கி நகரும் நொடியில் இந்த வரி வரும்போது, சொல்லும் செயலும் ஒன்றாகிவிடுகின்றன. விளக்கம் எதுவும் இல்லாமல் அம்மா சிரித்தார்.

சோப்பு விற்க வரும் ரெபெக்காவிடம் மொத்தமாக வாங்கும் ஆடம் லாட், அவளுக்கு ‘மிஸ்டர் அலாதின்’ ஆகிறான். பெயரின் ஒலியோடு விளையாடும் செல்லப்பெயர் அது. நமக்குப் பழகிய ‘அலாவுதீன்’ என்று எழுதினால் லாட் என்ற ஒலி காணாமல் போகிறது. ‘அலாதின்’ என்றால் அற்புத விளக்கு சட்டென்று நினைவுக்கு வருவதில்லை. சோப்பு விற்பதே ஓர் ஏழைக் குடும்பத்துக்குப் பரிசு விளக்கு கிடைக்கத்தான் என்பதால், விளக்கின் பக்கம் நின்று அலாவுதீனையே வைத்துக்கொண்டேன்.

இரண்டாம் பாதியில், விடுதிப் பள்ளியில் படித்து முடித்து, இளம்பெண்ணாக ரெபெக்கா ஊர் திரும்புகிறாள். ஆங்கில அட்டைகளில் அவளுக்கும் ஆடமுக்கும் இடையே முன்பிருந்த அதே முன்னிலைச் சொல்தான் இருக்கிறது. சிறுமியை ‘நீ’ என்று அழைத்தவன், வளர்ந்து நிற்பவளைப் பார்த்தவுடன் ‘நீங்கள்’ என்று தடுமாறி, பிறகு ‘நீ’க்குத் திரும்பலாம் என்று எழுதிப் பார்த்திருக்கிறேன். அது நடிகரின் முகத்தில் உள்ள தயக்கத்தோடு பொருந்துகிறதா என்பதை வரும் சனிக்கிழமை அம்மாவோடு உட்கார்ந்து பார்க்க வேண்டும்.