தரை தனி, வீடு தனி

ஒல்லாந்தில் வீடு வாடகைக்கு எடுத்தால் தரையும் சேர்ந்து வரும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். சிரிக்காதீர்கள். யாழ்ப்பாணத்தில் பிறந்தவனுக்கு வீடு என்றால் கூரை, சுவர், தரை மூன்றும் ஒரே சாமான்தான்.

2015இல் டென் ஹாக்கில் ஒருவருடைய மேல்மாடியில் ஒரு அறை, அரைக் குசினி என்று குடியிருந்தோம். அப்போது டென் ஹெல்டர் அண்ணை (சொந்தம் ஒன்றும் இல்லை, இங்கே எங்களுக்கு முன்னால் வந்து சேர்ந்த எல்லாரும் அண்ணைதான்) போன் எடுத்து, "தம்பி, சமூக வீட்டுக்குப் பதிஞ்சனியோ? இப்ப தேவையோ இல்லையோ, பதி. பதிஞ்ச நாளிலயிருந்துதான் உன்ர வயசு தொடங்குது" என்றார். பதிந்தேன். சமூக வீடு என்றால் வருமானம் குறைந்த ஆட்களுக்கு எல்லைக்குட்பட்ட வாடகையில் விடுகிற வீடு, பதிந்து காத்திருக்கிற காலம்தான் வரிசையில் எங்கள் வயது. வருடா வருடம் ஒரு சின்னக் கட்டணம். அதைக் கட்ட மறந்தால் சேர்த்த வருடமெல்லாம் காற்றோடு போய்விடும் என்ற பயத்தில், கலியாண நாளை மறந்தாலும் அந்தத் தேதியை நான் மறந்ததில்லை. இதை மனிசி இன்றைக்கும் சொல்லிக்காட்டுவாள்.

இந்த நாட்டில் பத்து வீட்டில் மூன்று வீடு அளவில் லாப நோக்கில்லாத வீட்டு அமைப்புகளின் கையில் இருக்கிறது. 1901இல் ஒரு வீட்டுச் சட்டம் போட்டு வளர்த்துவந்த ஏற்பாடு. அந்த அமைப்பை இவர்கள் வோனிங்கோர்ப்போராட்சி என்பார்கள். சொல்லை ஒருதரம் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், உள்ளே போராட்டமும் இருக்கிறது, கடைசியில் ஆட்சியும் இருக்கிறது. வீடு கேட்டுப் பதிந்தவனுக்கு முதலாவது, வீட்டை வைத்திருப்பவனுக்கு இரண்டாவது.

வீடு கிடைக்க வருமானம் குறைவாக இருக்கவேண்டும். 2024 கணக்கில் ஒருவருக்கு மேற்பட்ட குடும்பத்துக்கு எல்லை வருடம் 52,671 யூரோ. நான் வெஸ்ட்லாண்டில் கண்ணாடிக் கூடாரத்துக்குள் தக்காளி பிடுங்குகிறவன், தக்காளி எங்களை ஒருநாளும் அந்தக் கோட்டைத் தாண்ட விட்டதில்லை. வாடகைக்கும் எல்லை உண்டு: அந்த வருடம் 879.66 யூரோ. அந்த 66 சதத்தை யார் உட்கார்ந்து கணக்குப் பார்த்தார்களோ தெரியாது, ஆனால் முந்நூறு வருடத்துக்கு முன்னால் எங்கள் ஊருக்கு வந்து ஆர் ஆருக்கு எவ்வளவு காணி, எத்தனை பனை என்று தோம்பு (காணிப் பதிவேடு) எழுதிய ஒல்லாந்தரின் பேரப்பிள்ளைகள் 66 சதத்தை விடுவார்களா?

ஒன்பது வருடம். வாராவாரம் இணையத்தில் வீடு பார்ப்பது, விண்ணப்பிப்பது, "உங்கள் இடம் 214" என்று வருவது, பெருமூச்சு விடுவது. ஒருதரம் 38ஆவதாக வந்தபோது மனிசி திரைச்சீலைக்குத் துணி பார்க்கவே போய்விட்டாள். பிறகு 2024 வைகாசியில் ஒருநாள், தக்காளிக் கொடிக்கு நடுவில் நிற்கிறேன், போன் கிணுகிணுத்தது: இடம் 7, வந்து வீட்டைப் பாருங்கள்.

மூர்வைக் என்ற இடம். போருக்குப் பிறகு அவசரம் அவசரமாகக் கட்டிய நாலுமாடித் தொடர், ஒரு பொது வாசல், ஒரு படிக்கட்டு, லிஃப்ட் கிடையாது. எங்களுடையது மூன்றாம் மாடி. முதல் ஆறு பேரில் நாலு பேர் வரவேயில்லை, ஒருவர் படிக்கட்டைப் பார்த்துவிட்டுக் கீழேயே நின்று கும்பிடாத குறையாகத் திரும்பிப் போனார், ஆறாவதாக வந்த பெண் குளியலறைக்குள் எட்டிப் பார்த்துவிட்டுச் "சின்னன்" என்றார். நான் பெருமாளுக்கு நேர்த்தி வைத்தேன்.

வீட்டில் அப்போது ஒரு வயதான அம்மா இருந்தார். எழுபத்தைந்து மதிக்கலாம். படி ஏற முடியாமல் முதியோர் குடியிருப்புக்குப் போகிறார். வீடு வடிவாக இருந்தது. மனிசி நேரே குசினிக்குள் போய் மேடையைச் சாணால் அளக்கத் தொடங்கினாள். இதைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம், அரசாங்கமே அளக்கிறது. இங்கே வாடகையைப் புள்ளிக் கணக்கில் தீர்மானிக்கிறார்கள், அதில் குசினி மேடையின் நீளத்துக்கும் புள்ளி உண்டு: ஒரு மீற்றருக்கு மேல் என்றால் 4, இரண்டுக்கு மேல் என்றால் 7. மனிசி எட்டுச் சாண் அளந்துவிட்டு, "நாலு புள்ளி. இடியப்பத் தட்டு வைக்கக் காணும்" என்றாள்.

அப்புறம்தான் அந்த அம்மா தரையைக் காட்டினார். மண்ணிற லாமினேட், பலகை பலகையாக. நல்ல தரைதான். யன்னலுக்குக் கிட்ட மட்டும் ஒரு பலகையில் இஸ்திரிப் பெட்டியைக் கவிழ்த்த கறுப்புத் தழும்பு. மேலே கூராக, கீழே அகலமாக. மனிசி என் கையைச் சுரண்டி, "இஞ்சாருங்கோ, இலங்கை" என்றாள். உண்மைதான். ஒரு திருகோணமலைகூட இருந்தது.

"தரை, திரைச்சீலை, விளக்கு எல்லாம் சேர்த்து 450 யூரோ" என்றார் அம்மா. எனக்கு விளங்கவில்லை. தரைக்கு எதற்குக் காசு? அவர் பொறுமையாக விளக்கினார். சமூக வீட்டைக் குடியிருந்தவர் 'கால்' ஆகத்தான் திருப்பிக் கொடுக்கவேண்டும். டச்சில் கால் என்றால் மொட்டை. வருகிறவர் விலைபேசி எடுத்தால் விடலாம், எடுக்காவிட்டால் போகிறவர் தரையைக் கழற்றிக்கொண்டுதான் போகவேண்டும். இந்தக் கைமாற்றுக்குப் பெயர் ஓவர்நாமெ.

பெயரைக் கேட்டதும் எனக்குள் இருந்த யாழ்ப்பாணத்தான் எழுந்து உட்கார்ந்துவிட்டான். சரி, நாமம் போடத்தான் பார்க்கிறா. கழற்றிய தரையை இந்த வயதில் எங்கே கொண்டுபோய் வைப்பா? விட்டுவிட்டுத்தான் போவா. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையில் கத்தரிக்காய் பேசிய அதே தைரியத்தில் "நூறு" என்றேன். அம்மா என்னைப் பார்த்தார். நான் "நூற்றிருபது" என்றேன், என் விலையை நானே கூட்டிக்கொண்டு. அவர் "யம்மர்" என்றார். டச்சில் யம்மர் என்றால் 'பாவம்' என்ற மாதிரி. யாரைச் சொன்னார் என்று அப்போது விளங்கவில்லை.

படி இறங்கும்போது மனிசி சொன்னாள்: "குடுத்திருக்கலாம்." நான் சொன்னேன்: "நீர் பொறும். சாவி கைக்கு வரேக்க தரை அங்கதான் இருக்கும்."

சாவி கைக்கு வந்தது. கதவைத் திறந்தேன். தரை இல்லை. சுவர் முதல் சுவர் வரை வெறும் சீமெந்து, அங்கங்கே பழைய பசை, எந்தக் காலத்துக் கம்பளத்தின் பச்சை மயிரோ ஒட்டிக்கொண்டு. கூரையில் விளக்கு இருந்த இடத்தில் இரண்டு வயர் தொங்கியது. யன்னலில் கம்பியும் இல்லை, சீலையும் இல்லை. எங்கட மகன், ஐந்து வயது, நடுவில் நின்று "அப்பா, இது கட்டி முடிக்கேல்லையா?" என்றான். கழிவறைக்குப் போனால் அங்கே இருக்கையும் மூடியும் இல்லை. கக்கூஸ் என்ற சொல்லையே எங்களுக்குத் தந்துவிட்டுப் போனவர்கள் ஒல்லாந்தர், மூடியை மட்டும் தங்களோடு கொண்டுபோய்விட்டார்கள்.

முதல் இரவு மனிசியின் இரண்டு நைலெக்ஸ் சேலைகள் யன்னலை மறைத்தன. எதிர்த் தொடரில் ஒருவரும் திரைச்சீலை இழுக்காமல் வெளிச்சத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு அது பழக்கம். எங்கள் சிவப்புச் சேலையைப் பார்த்து அவர்கள் என்ன நினைத்தார்களோ, அதைப் பற்றி மேலே எழுத விருப்பமில்லை.

இனிச் செலவைக் கேளுங்கள். தரை 55 சதுர மீற்றர், வெட்டிக் கழிவதற்கும் சேர்த்து 60. லாமினேட் சதுர மீற்றர் 11 யூரோப்படி 660. அடியில் போடுகிற மெத்தை ஒன்று இருக்கிறது, கீழ்வீட்டுக்கு நடக்கிற சத்தம் கேட்காமல் இருக்க 10 டெசிபல் குறைக்கிற சாதிதான் போடவேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருந்தது, அது 300. சுவரோரக் கட்டை, ஆணி, பசை, வாள் எல்லாம் 110. ஆக 1,070. இதில் 450ஐக் கழித்தால் என் பேரம் பேசும் திறமையின் விலை 620 யூரோ. துட்டு என்ற சொல்லும் ஒல்லாந்தர் தந்ததுதான். வட்டியோடு திருப்பி எடுத்தார்கள்.

முப்பது பெட்டி, ஒன்று பதினைந்து கிலோ, மூன்று மாடி. அந்தப் படிக்கட்டில் மனிசரே பக்கவாட்டில்தான் ஏறலாம். டென் ஹெல்டர் அண்ணையும் இன்னும் இரண்டு பெடியளும் வந்தார்கள். கூலி ஆட்டுக்கறி, கொத்துரொட்டி, கொஞ்சம் பியர். அண்ணைக்கு லாமினேட் அடிக்கத் தெரியும் என்பது அண்ணையே சொன்னது. முதல் வரிசையை அடித்து முடித்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்து, "சுவர் கோணல்" என்றார். 1950களில் டச்சு எஞ்சினியர் கட்டிய சுவர். நாங்கள் யாரும் எதிர்த்துக் கதைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு வாளை ஓட்டினோம். பத்து ஐந்துக்குக் கீழேயிருந்து டொக் டொக் டொக் என்று தும்புத்தடிக் கட்டையால் கூரையில் இடிக்கிற சத்தம். இங்கே ஞாயிற்றுக்கிழமை துளைக்கிறவன், அடிக்கிறவன் எல்லாம் கிட்டத்தட்ட கோயில் உண்டியல் உடைத்தவன் மாதிரி. நிறுத்தினோம். அண்ணை கறியைச் சூடாக்கச் சொன்னார்.

அடுத்த சனி, தரை முடிந்ததும், மனிசி கொஞ்சம் உழுந்து வடை சுட்டுக்கொண்டு "வாங்கோ, கீழ்வீட்டு மனிசனிட்டப் போய் மன்னிப்புக் கேட்டிட்டு வருவம்" என்றாள். கதவைத் திறந்தவர் எங்கள் பயத்துக்குக் கொஞ்சமும் பொருத்தமில்லாமல் மெலிந்த, சிரித்த முகமான தாத்தா. முப்பது வருடமாக அங்கேயே இருக்கிறாராம். உள்ளே கூப்பிட்டார். கோப்பி ஊற்றினார், தகரப் பேணியைத் திறந்து ஆளுக்கு ஒரு பிஸ்கற் நீட்டினார், மூடினார். வடையை மட்டும் மூன்று எடுத்தார்.

"புதுத் தரை போட்டீர்களா? நானும்தான்" என்றார் பெருமையாக. "முந்தி வெறும் கம்பளம். மேலே இருந்த அம்மா போகும்போது தன்னுடையதைத் தந்துவிட்டுப் போனார். யாரோ வருகிறவருக்கு வேண்டாமாம். அவருடைய பேரன்தான் கழற்றி இறக்கித் தந்தான்."

கோப்பி என் தொண்டையில் நின்றது. மனிசி மெதுவாக, மிக இனிமையான டச்சில் கேட்டாள்: "எவ்வளவு கொடுத்தீர்கள்?"

"ஒரு ஆப்பிள் கேக்."

நான் மனிசியைப் பார்க்கவில்லை. பார்க்கக்கூடாது என்று எனக்குத் தெரியும். குனிந்து தரையைப் பார்த்தேன். அதே மண்ணிறம். சோபாவுக்குக் கிட்டே, ஒரு பலகையில், கறுப்பாக, அதே இலங்கை. பேரன் பலகையைத் திருப்பிப் போட்டிருந்தான், மாத்தறை மேலே, யாழ்ப்பாணம் கீழே. அந்தக் கூர் முனை சோபாக் காலுக்கு அடியில்.

தாத்தா என் பார்வையைக் கவனித்துவிட்டார். "அந்தத் தழும்பா? பேரிக்காய் மாதிரி இருக்கிறது, இல்லையா?"

"அது பேரிக்காய் இல்லை" என்றாள் மனிசி. "எங்கட நாடு. உங்கட சோபா எங்கட ஊருக்கு மேல நிக்குது."

தாத்தா கோப்பையைக் கீழே வைத்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து நிறைய நேரம் பார்த்தார். பிறகு எழுந்து, முக்கி முனகி, சோபாவை இரண்டு விரற்கடை தள்ளி வைத்தார்.

இப்போது அது மன்னாரில் நிற்கிறது.