மஞ்சள் சட்டையும் எதிர்வீட்டு சிங்க்கும்

கல்லூரிப் பசங்க ஆடுகிற ஆட்டம்தானே என்று நினைத்தது முதல் தப்பு. எங்கள் ஊர்ப் பக்கம் கல்லூரி மேட்ச் என்றால் மைதானத்தில் இருபத்திரண்டு பேர், வேப்பமரத்தடியில் பதினைந்து பேர், அதிலும் நாலு பேர் சைக்கிளுக்குக் காவல். அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்துக் கொலம்பஸுக்குக் குடிவந்த புதிதில், 2024 ஆகஸ்ட் 31, சனிக்கிழமை, பால் வாங்கலாம் என்று காரை எடுத்தேன். ஊரே சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டு தெருவில் நின்றது. பால் வீடு வந்து சேர இரண்டு மணி நேரம் ஆனது. உள்ளூர்ப் பல்கலைக்கழகமான ஒஹாயோ ஸ்டேட்டின் ஃபுட்பால் (அமெரிக்க வகை) சீசன் அன்றைக்குத்தான் ஆரம்பமாம். குதிரை லாடம் மாதிரி வளைந்த அந்த ஸ்டேடியத்தில் ஒரு லட்சம் பேருக்கு மேல் உட்காரலாம்.

எதிர்வீட்டுப் பெரியவர் எங்கள் மேல் இரக்கப்பட்டு, ஆட்டம் பார்க்க வீட்டுக்குக் கூப்பிட்டார். நாலு வாய்ப்புக்குள் பத்து கெஜம் முன்னேற வேண்டும், தாண்டினால் மறுபடி நாலு வாய்ப்பு என்று பாடம் எடுத்தார். ஃபுட்பால் என்கிறார்களே, காலை எப்போது உபயோகிப்பார்கள் என்று கேட்டேன். 'அவசரத்துக்கு' என்றார். அறுபது நிமிட ஆட்டம் மூன்றரை மணி நேரம் ஓடியது. என் மனைவி கொண்டுபோன புளியோதரை முதல் பாதியிலேயே தீர்ந்தது.

ஐந்து ஆட்டம் வரிசையாக ஜெயித்தார்கள். அக்டோபர் 12 அன்று ஆரகன் பல்கலைக்கழக அணியிடம் 32-31, ஒரே ஒரு புள்ளியில் தோல்வி. கடைசி நொடிகளில் பந்தோடு ஓடிய நம்மாள் வில் ஹோவர்ட் சறுக்கி உட்கார, அதற்குள் கடிகாரம் தீர்ந்துவிட்டது. அன்றைக்கும் நான் அதே சோபாவில்தான் இருந்தேன். பின்னால் ராசியில்லாதவன் என்று என் மேல் வழக்கு வந்தபோது இது எடுத்துக்காட்டப்பட்டது.

நவம்பர் கடைசியில், பரம வைரியான மிச்சிகன் பல்கலைக்கழகத்தோடு மோதும் வாரம் வந்தது. அந்தப் பெயரை ஊரில் பலர் வாயால் சொல்வதில்லை. அந்தக் காலத்துப் பாட்டிகள் புருஷன் பெயரைச் சொல்லாமல் சுற்றி வளைப்பார்களே, அதுபோல 'வடக்கே இருக்கும் அந்த டீம்' என்பார்கள். பழைய பயிற்சியாளர் வுடி ஹேய்ஸ் காலத்து வழக்கம். அந்த வாரம் பல்கலைக்கழகத்தில் எங்கெல்லாம் எம் என்ற எழுத்து இருக்கிறதோ, அங்கெல்லாம் சிவப்பு டேப்பால் பெருக்கல் குறி. நான் அங்கே ஓர் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். என் பெயரை ஆங்கிலத்தில் எழுதினால் மூன்று எம். ஒன்றைக்கூட விடவில்லை. மிச்சமிருந்ததைப் படித்தால் இருமல் மருந்து மாதிரி இருந்தது. வீடியோ காலில் அந்தப் பலகையைப் பார்த்த அம்மா, "ஏண்டா, வேலையை விட்டுத் தூக்கிட்டாங்களா?" என்று பதறிவிட்டார்.

நவம்பர் 30, மதியம் 12 மணி ஆட்டம். வெளியே எலும்பைக் கடிக்கிற குளிர். கைக்கு அகப்பட்ட சட்டைக்கு மேல் கனத்த ஸ்வெட்டர் மாட்டிக்கொண்டு போனேன். மிச்சிகன் அந்த வருஷம் ஏற்கெனவே ஐந்து ஆட்டம் தோற்ற அணி. நம்மாட்கள் ஒன்றில் மட்டும். சுலபமாக ஜெயிப்போம் என்றுதான் எல்லோரும் இருந்தார்கள். ஆனால் கடைசிக் கால் பகுதியில் 10-10. உள்ளே ஹீட்டர் கொதிக்கிறது. புழுக்கம் தாங்காமல் ஸ்வெட்டரைக் கழற்றினேன்.

உள்ளே இருந்தது என் பழைய சென்னை சூப்பர் கிங்ஸ் சட்டை. பளீரென்ற மஞ்சள், ஓரத்தில் நீலப் பட்டை.

மிச்சிகனின் நிறம் என்ன தெரியுமா? மஞ்சளும் நீலமும். எனக்கும் அப்போதுதான் தெரிந்தது. பெரியவர் என்னைப் பார்த்தார், டிவியைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். 45 நொடி மிச்சமிருக்கும்போது மிச்சிகன்காரர் பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைத்தார். ஆமாம், காலால்தான். 13-10. அவர்களிடம் இது தொடர்ந்து நான்காவது தோல்வி. அப்புறம் மிச்சிகன்காரர்கள் மைதானத்தின் நடுவே தங்கள் கொடியை நடப் பார்க்க, அடிதடி, போலீஸ் பெப்பர் ஸ்ப்ரே. பெரியவருக்கு ஸ்ப்ரே இல்லாமலே கண் கலங்கியிருந்தது. தோனியைப் பற்றி விளக்க ஆரம்பித்தேன். மனைவி என் காலை மிதித்தார்.

மறுநாளிலிருந்து ஊரில் பாதிப் பேர் பயிற்சியாளர் ரயன் டேயை மாற்றச் சொன்னார்கள். எங்கள் தெருவில் என்னை.

பழைய முறைப்படி, சாம்பியனை முடிவுசெய்யும் பிளேஆஃப் ஆட்டங்களில் நாலு அணிகளுக்குத்தான் இடம். அந்த வருஷம்தான் முதன்முதலாகப் பன்னிரண்டு ஆக்கினார்கள். எட்டாவதாக உள்ளே நுழைந்தோம். டிசம்பர் 21, கொலம்பஸிலேயே டென்னசியுடன் ஆட்டம். பெரியவர் மனசு கேட்காமல் கூப்பிட்டுவிட்டார். நான் சிவப்புச் சட்டையோடு போய், பரிகாரமாக இருக்கட்டும் என்று சமையலறையில் பாத்திரம் கழுவ ஆரம்பித்தேன். முதல் கால் பகுதி முடிவதற்குள் 21-0. கை துடைத்துக்கொண்டு வெளியே வந்தால், "அங்கேயே நில்லு!" என்று நாலு குரல். 42-17.

அவ்வளவுதான், விதி எழுதப்பட்டுவிட்டது. ஜனவரி 1, ரோஸ் பௌல் என்கிற அடுத்த சுற்று ஆட்டம், அதே ஆரகன். நான் குழம்புச் சட்டியைத் தேய்க்கத் தேய்க்க 34-0. முடிவில் 41-21. ஜனவரி 10, டெக்சாஸ். 21-14 என்று முன்னிலை, ஆனால் டெக்சாஸ் கோட்டுக்கு ஒரு கெஜத்தில் வந்து நிற்கிறது. திடீரென்று வீடே அதிர்ந்தது. நம்மாள் ஜாக் சாயர் பந்தைத் தட்டிவிட்டு, தானே எடுத்து 83 கெஜம் ஓடிவிட்டாராம். கொலம்பஸில் ஆளாளுக்கு அந்த ஓட்டத்தைப் பற்றித்தான் பேசுகிறார்கள். அந்த நேரத்தில் நான் பார்த்துக்கொண்டிருந்தது ஒரு ஃப்ரைபேனின் அடிப்பக்கம்.

ஜனவரி 20, அட்லாண்டாவில் இறுதி ஆட்டம், நோட்டர் டேமுடன். கழுவப் பாத்திரமே இல்லை. கழுவியதையே மூன்றாம் முறை கழுவுகிறேன். மூன்றாம் கால் பகுதியில் 31-7. பெரியவர் சமையலறைக்கே வந்து, "போதும், வந்து உட்காரு" என்று தோளைத் தட்டினார். உட்கார்ந்தேன். 31-15. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. 31-23. இப்போதும் யாரும் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நானாகவே எழுந்து போய்க் குழாயைத் திறந்தேன். ஹோவர்ட் வீசிய பந்தை ஜெரமையா ஸ்மித் பிடித்தார், 56 கெஜம். 34-23. சாம்பியன்!

கட்டிப்பிடித்தார்கள், சோப்பு நுரையோடு.

அடுத்த சீசன் 2025 ஆகஸ்ட் 30 அன்று நம் ஊரிலேயே டெக்சாஸுடன் தொடங்கியது. இரண்டு நாள் முன்னாலேயே பெரியவர் போன் செய்தார். "வருகிறாய் அல்லவா? உனக்காகப் புது ஸ்பாஞ்ச் வாங்கி வைத்திருக்கிறேன்."